இன்னுமா படிக்கிறாள் உங்கள் பெண்?

சென்ற ஆண்டு ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் என் அக்கா மகள். வயது இருபத்தெட்டு. சென்னையில் வேதியியலில் ஆராய்ச்சி மாணவி. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை.

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருத்தர், சாம்பாரைப் பிசைந்தபடியே கேட்டார்: "ஏண்டி கண்ணு, இன்னுமா படிக்கிறே? எங்க வீட்டுப் பையன் நாலே வருஷத்துல இன்ஜினீயரிங் முடிச்சான். வேலைக்குப் போனான். வீடே வாங்கிட்டான். நீ எப்பத்தான் முடிக்கப் போறே?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம் வீடுகளில் இது எல்லாரும் கேட்கிற கேள்விதான். நானே நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன். அவள் வழக்கம் போலச் சிரித்துச் சமாளித்தாள். ஆனால் இலையில் விட்ட பாயசத்தை அவள் தொடவில்லை.

சாயங்காலம் சத்திரத்து மொட்டை மாடியில் இருவரும் தனியாக இருந்தபோது மெதுவாகச் சொன்னாள்: "சித்தி, பேசாம விட்டுடலாமான்னு இருக்கு."

"எதை?"

"ஆராய்ச்சியை. நாலாவது வருஷம் ஓடுது. மூணு மாசமா ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வருது. அவர் அங்கே, நான் இங்கே. அத்தை எப்ப வருவே, எப்ப வருவேன்னு கேக்கறாங்க. இப்ப..." என்று நிறுத்தினாள். பிறகு, "மூணு மாசம் சித்தி. அவருக்கு மட்டும்தான் தெரியும். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லலே. லேபுல நாள் முழுக்க ரசாயனத்தோட நிக்கிறேன். வழிகாட்டிகிட்ட சொல்லவும் பயமா இருக்கு, சொல்லாம இருக்கவும் பயமா இருக்கு" என்றாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆராய்ச்சி என்றால் என்ன, அங்கே என்ன விதி, என்ன உரிமை என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாமலே நாலு வருஷமாக 'எப்போ முடியும்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! அதற்குப் பிறகு அவளிடமும், ஆராய்ச்சியை முடித்த மூன்று சகோதரிகளிடமும், மாணவிகளை வழிநடத்தும் இரண்டு பேராசிரியைகளிடமும் உட்கார்ந்து பேசினேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். விதிகளையும் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மகளோ, மருமகளோ, நாத்தனாரோ ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கலாம் அல்லவா?

இது படிப்பா, வேலையா?

முதலில் ஒரு தப்பு அபிப்பிராயத்தைக் களைந்துவிடுவோம். பி.எச்டி. என்பது பாடம் படித்து, பரீட்சை எழுதி, பாஸ் செய்கிற படிப்பு அல்ல. பரீட்சை எல்லாம் உள்ளே நுழைவதற்குத்தான். எம்.எஸ்ஸி. முடித்து, 'நெட்' என்கிற தேசியத் தகுதித் தேர்வோ, 'கேட்' தேர்வோ, பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வோ எழுதி, நேர்காணலில் தேறி, ஒரு வழிகாட்டியிடம் சேர வேண்டும். நெட் தேர்வில் உயர்ந்த இடம் பெறுகிறவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். என்ற உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து வேலையைப் பார்த்து 42,000 ஆக உயர்த்துகிறார்கள். வீட்டு வாடகைப் படி தனி. ஆகவே, 'இந்த வயசிலும் அப்பா காசில் படிக்கிறாள்' என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஆனால் இந்த உதவித்தொகை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. குறைந்த தொகையிலும், கைக்காசைப் போட்டும் ஆராய்ச்சி செய்கிற பெண்கள் நம் ஊர்க் கல்லூரிகளில் ஏராளம். அவர்கள் கஷ்டம் இரட்டிப்பு.

சரி, உள்ளே போய் என்ன செய்கிறார்கள்? அக்கா மகள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "சித்தி, நீங்க அதிரசம் பண்றீங்க. வெல்லப் பாகுக்குப் பதம் உங்களுக்குத் தெரியும். தப்பா வந்தா பாட்டிகிட்ட கேக்கலாம். நாங்க பண்றது இதுவரைக்கும் யாருமே பண்ணாத பலகாரம். பதம் என்னன்னு சொல்ல ஆள் கிடையாது. எண்ணெயில போட்டா பிரிஞ்சு போகும். ஏன் பிரிஞ்சதுன்னு கண்டுபிடிக்கறதுதான் வேலை."

அதனால்தான் தேதி சொல்ல முடிவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி, பி.எச்டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம். மறுபதிவு செய்துகொண்டால் இன்னும் இரண்டு வருஷம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷச் சலுகை உண்டு. ஆக, நாலாவது வருஷத்தில் இருக்கிற பெண் 'இழுத்தடிக்கிறாள்' என்று அர்த்தம் இல்லை. பாதி தூரம் தாண்டிவிட்டாள் என்று அர்த்தம்.

நடுவழியில் எங்கே போகிறார்கள்?

மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பார்த்தால் மனம் குளிர்கிறது. நாடு முழுவதும் அறிவியல் படிக்கிற மாணவர்களில் பெண்கள் சுமார் 52 சதவிகிதம்! ஆண்களைவிட அதிகம். பி.எச்டி. படிப்பவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். ஆனால் ஆராய்ச்சியையே வேலையாகச் செய்கிறவர்களை எடுத்துக்கொண்டால், 2018-ஆம் ஆண்டு அரசுக் கணக்கின்படி, பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

மீதிப் பேர் எங்கே போனார்கள்? மூளை குறைந்துவிட்டதா? பேராசிரியை ஒருவர் சொன்னார்: "இருபத்தாறிலிருந்து முப்பத்தஞ்சு வயசு வரை பாருங்க. பி.எச்டி. முடிக்கிறது, அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷம் வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ போஸ்ட்-டாக் செய்யறது, நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் போடறது, எல்லாம் அந்த வயசுலதான். கல்யாணம், பிரசவம், குழந்தை வளர்ப்பு, அதுவும் அந்த வயசுலதான். பையனுக்கு முதல் பாதி மட்டும். பொண்ணுக்கு ரெண்டு பாதியும்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தெரியுமா?

எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயங்கள் இவை. ஆராய்ச்சி மாணவிகளிலேயே பலருக்குத் தெரியவில்லை என்பது இன்னும் ஆச்சரியம்.

பி.எச்டி. படிக்கிற காலத்தில் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பாகவும் குழந்தை பராமரிப்பு விடுப்பாகவும் மொத்தம் 240 நாள் வரை தரலாம் என்று மானியக் குழு விதி சொல்கிறது. அதாவது, எட்டு மாதம். விடுப்பு வேறு, அந்த நாட்களுக்கு உதவித்தொகை வருமா என்பது வேறு. அது பணம் கொடுக்கிற அமைப்பைப் பொறுத்தது. ஆகவே அந்த விதியைத் தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிற பெண். 'ஆராய்ச்சி போச்சு' என்று தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டாம். திருமணம் போன்ற காரணத்தால் ஊர் மாறுகிற மாணவி, தன் ஆராய்ச்சித் தரவுகளைப் புதிய கல்வி நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல அதே விதிகளில் இடம் இருக்கிறது. இரண்டு நிபந்தனைகள் முக்கியம். வேலை, பழைய வழிகாட்டியோ நிறுவனமோ பணம் வாங்கி நடத்தும் திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. பழைய வழிகாட்டிக்கும் நிறுவனத்துக்கும் உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

வயது வரம்பிலும் சலுகை உண்டு. ஜே.ஆர்.எஃப். வாங்கப் பொது வரம்பு 30 வயது. பெண்களுக்கு 35. எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு மறுபடி படிக்க நினைக்கிற சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டு இடைவெளி விழுந்த பெண்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பல வருஷங்களாகத் தனித் திட்டம் நடத்துகிறது. இப்போது அதன் பெயர் 'வைஸ்-கிரண்'. உயிரியல் சார்ந்த துறைகளில் இருப்பவர்களுக்கு உயிர்த் தொழில்நுட்பத் துறையின் 'பயோகேர்' திட்டம் இருந்து வந்திருக்கிறது. இவற்றின் நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் சமயத்து அறிவிப்பைப் படித்துவிட்டே செய்யுங்கள்.

வைரத்தோடு வேண்டாம் என்ற பெண்

இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்தவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம்.

1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர் அன்னா மாணி. எட்டாவது பிறந்த நாளுக்கு அந்த வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தார்களாம். 'தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும்' என்று கேட்டு வாங்கிக்கொண்டது அந்தக் குழந்தை. வேடிக்கையைப் பாருங்கள், சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு 1940-இல் பெங்களூரில் சர். சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்ததும் அவர் ஆராய்ந்தது வைரங்களையும் மாணிக்கங்களையும்தான்! காதில் போட அல்ல, ஒளி அவற்றுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க. ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் ஆய்வேட்டையும் கொடுத்தார். 'உங்களிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை' என்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தர மறுத்துவிட்டது.

அழுது உட்காரவில்லை. இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948-இல் திரும்பி வந்து இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த கருவிகளை நம் நாட்டிலேயே செய்யப் பாடுபட்டார். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். டாக்டர் பட்டம் கடைசிவரை இல்லை. அதனால் அவர் விஞ்ஞானி இல்லை என்று யாராவது சொல்வார்களா?

இன்னொருவர் லலிதா. 1919-இல் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், கையில் நாலு மாதப் பெண் குழந்தையோடு விதவையானார். அந்தக் காலத்தில் அந்த நிலை என்றால் என்ன என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்போம். அவருடைய அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். மகளை மூலையில் உட்கார வைக்காமல், 1940-இல் அதே கல்லூரியில் மின் பொறியியலில் சேர்த்துவிட்டார். தேறி, நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். பின்னால் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது, சகோதரர் குடும்பத்தோடு இருந்துகொண்டு மகளை வளர்த்தார். பக்ரா நங்கல் அணைக்கட்டின் மின் வேலைகளில் அவர் பங்கு உண்டு. அவருக்கு மூளை இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால் அந்த அப்பாவும், அந்தச் சகோதரர் வீடும் இல்லாமல் இருந்திருந்தால்?

கடல் தாண்டியும் ஒருவரைச் சொல்கிறேன். ஹங்கேரி நாட்டில் கசாப்புக் கடைக்காரரின் மகளாகப் பிறந்த காத்தலின் கரிக்கோ. 1985-இல் அங்கே வேலை போய்விட, கணவரோடும் இரண்டு வயது மகளோடும் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். கையிருப்பு 900 பவுன். பணத்தை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு. ஆகவே மகளின் கரடி பொம்மைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்! அங்கே 'எம்.ஆர்.என்.ஏ.' என்ற பொருளை மருந்தாக்க முடியும் என்று பிடிவாதமாக ஆராய்ந்தார். பண உதவி கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. 1995-இல் பல்கலைக்கழகத்தில் பதவியையே இறக்கினார்கள். விடவில்லை. 2005-இல் சக விஞ்ஞானியோடு வெளியிட்ட கட்டுரையும் அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. கொரோனா வந்தபோதுதான், அந்த வழியில் செய்த தடுப்பூசிகள் கோடிக்கணக்கானவர்களுக்குப் போடப்பட்டன. 2023-இல் நோபல் பரிசு. பொம்மையைச் சுமந்து வந்த அந்தக் குழந்தை வளர்ந்து, படகுப் போட்டியில் இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வாங்கியது தனிக் கதை.

அதே 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட 'ஆதித்யா எல்-1' விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, நம் செங்கோட்டைப் பெண். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஆகவே, 'இதெல்லாம் நமக்கு எங்கே?' என்ற பேச்சே வேண்டாம்.

வழிகாட்டி அமைவதெல்லாம்...

ஆராய்ச்சியில் கல்யாணத்துக்குச் சமமான முடிவு ஒன்று உண்டு. வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது. நல்ல வழிகாட்டி கிடைத்தால் சாதாரண மாணவியும் கரையேறிவிடுவாள். அமையாவிட்டால் தங்கப் பதக்கம் வாங்கியவளும் தத்தளிப்பாள்.

ஒரு சகோதரி சொன்னதைக் கேளுங்கள்: "நான் சேர்ந்த இடத்துல வழிகாட்டியோட வீட்டுக் கரண்ட் பில் கட்டறது, அவர் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தர்றது, அவர் பாடம் எடுக்க வேண்டிய வகுப்பை நான் எடுக்கறது, இதுலயே ரெண்டு வருஷம் போச்சு. கேட்டா கையெழுத்து கிடைக்காதோன்னு பயம். அப்புறம் ஒருநாள் ஆலோசனைக் குழுவுல இருந்த இன்னொரு மேடம்கிட்ட அழுதுட்டேன். அவங்கதான் பேசி, வேற வழிகாட்டிக்கு மாத்திவிட்டாங்க. முன்னாடியே வாயைத் திறந்திருக்கலாம்."

ஒவ்வொரு மாணவிக்கும் ஓர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதன் முன்னால் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். குறையைச் சொல்லக் கிடைக்கிற இடம் அது. அத்துமீறிய பேச்சோ நடத்தையோ என்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பெண்ணைப் பெற்றவர்களே, மகள் ஆய்வுக்கூடத்துக்குப் போக முகம் சுளித்தால், 'சோம்பேறித்தனம்' என்று திட்டுவதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார வைத்துக் காரணம் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 'பணம் கொடுத்தால் ஆய்வேடு எழுதித் தருகிறோம், கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறர் எழுத்தைத் திருடியது தெரிந்தால் வாங்கிய பட்டமே ஆபத்தில் மாட்டிக்கொள்ளும். கட்டுரை வெளியிட்டால்தான் ஆய்வேடு கொடுக்கலாம் என்ற நாடு தழுவிய கட்டாயத்தை 2022 விதிகளே நீக்கிவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடித்தபின் வேலை?

'இவ்வளவு படித்தும் வேலை கிடைக்குமா?' என்பது நியாயமான கேள்விதான். மழுப்பாமல் சொல்ல வேண்டுமென்றால், கல்லூரி, பல்கலைக்கழக நிரந்தர வேலைகள் குறைவு, போட்டி அதிகம். நிரந்தரமான உதவிப் பேராசிரியர் வேலையில் ஏழாவது சம்பளக் குழுப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அது கிடைக்கும்வரை கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அதனால் ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

கதவுகள் வேறும் இருக்கின்றன. சென்னையில் தோல் ஆராய்ச்சி நிலையம், காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் என்று நம் மாநிலத்திலேயே மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடங்கள் பல. மருந்துக் கம்பெனிகளின் ஆய்வு, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் உண்டு. காப்புரிமை வேலை இருக்கிறது. அறிவியல் பட்டம் உள்ளவர்கள் காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். இந்த வேலையை வீட்டிலிருந்தும் ஓரளவு செய்யலாம் என்பதால் குழந்தை உள்ள பெண்களுக்கு வசதி.

கம்ப்யூட்டர் கதை கொஞ்சம் வேறு. அதில் பி.இ. முடித்தவுடனேயே கம்பெனிகள் அழைத்துக்கொள்வதால், ஐந்து வருஷம் ஆராய்ச்சியில் உட்காரப் பலர் யோசிக்கிறார்கள். சம்பளம் மட்டுமே கணக்கு என்றால் யோசிப்பது சரிதான். ஆனால் பெரிய கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளுக்கும், கல்லூரியில் மேலே உயர்வதற்கும் பி.எச்டி. உதவும். மற்றத் துறைப் பெண்களுக்கு ஒரு யோசனை: எந்த அறிவியல் படித்தாலும் கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். உயிரியலானாலும் வேதியியலானாலும் இன்று பாதி வேலை தரவுகளைக் கணக்கிடுவதுதான். தையல் தெரிந்த பெண்ணுக்கு எம்பிராய்டரியும் தெரிந்த மாதிரி, கைக்கு இன்னொரு தொழில்.

ஒன்று நினைவிருக்கட்டும். 1940-களில் அமெரிக்காவில் 'எனியாக்' என்ற அந்தப் பெரிய மின்னணுக் கணிப்பொறிக்கு முதன்முதலில் நிரல் அமைத்த குழுவில் இருந்தவர்கள் ஆறு பெண்கள். கம்ப்யூட்டர் ஆண்பிள்ளை சமாச்சாரம் என்பது நடுவில் வந்த பேச்சு.

உடம்பையும் கவனியுங்கள்

ஆராய்ச்சிப் பெண்கள் எல்லாரிடமும் நான் கேட்ட புகார்கள் ஒரே மாதிரி: கழுத்து வலி, கண் எரிச்சல், நேரம் தவறிய சாப்பாடு, தூக்கமின்மை, காரணம் தெரியாத அழுகை. சின்னச் சின்ன மாற்றங்கள் போதும்.

1. காலையில் எதுவும் சாப்பிடாமல் ஆய்வுக்கூடம் போகாதீர்கள். இட்லி சாப்பிட நேரமில்லையா, இரண்டு வாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையுமாவது சாப்பிடுங்கள்.

2. ஆய்வுக்கூடத்துக்குள் தண்ணீர், டீ, டிபன் எதுவும் கூடாது. வெளியே வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள். துப்பட்டா, முந்தானை தொங்கக் கூடாது.

3. கம்ப்யூட்டர் முன்னால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணை எடுத்துத் தூரத்தில் உள்ள மரத்தையோ கட்டடத்தையோ பாருங்கள். மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள்.

4. கர்ப்பம் என்று தெரிந்தவுடன் டாக்டரிடம், 'நான் இன்னின்ன ரசாயனங்களோடு வேலை செய்கிறேன்' என்று பட்டியலே எழுதிக் காட்டுங்கள். சில கரைப்பான்கள், கதிரியக்கப் பொருட்கள், மரபணுவைப் பாதிக்கும் சாயங்கள் ஆகியவை முதல் மாதங்களிலிருந்தே கருவுக்குக் கேடு செய்யலாம். வழிகாட்டியிடம் சொல்வதைத் தள்ளிப் போடாதீர்கள்.

5. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். 'டெலி-மானஸ்' என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

6. அன்றாட வேலையைத் தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பலிக்காத பரிசோதனையையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், 'நான் ஒன்றுமே செய்யவில்லை' என்ற எண்ணம் பொய் என்று தெரியும்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

மாமியார்களே, அம்மாக்களே, கணவன்மார்களே! 'எப்போ முடியும்?' என்று கேட்காதீர்கள். 'இந்த வாரம் வேலை எப்படிப் போச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். கேட்டதே அவளுக்குப் பெரிய ஆறுதல். ஆய்வேடு எழுதுகிற கடைசி ஆறு மாதம் பிரசவ மாதம் மாதிரி. அப்போது விருந்தாளி, விசேஷம், இதற்கெல்லாம் அவளை இழுக்காமல் இருந்தால் பெரிய புண்ணியம்.

என் அக்கா மகள் கதைக்கு வருகிறேன். கும்பகோணத்திலிருந்து திரும்பிய மறுநாளே, மனசைத் திடப்படுத்திக்கொண்டு வழிகாட்டியிடம் சொல்லிவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாராம். ரசாயன வேலையை இன்னொரு மாணவரிடம் கொடுத்துவிட்டு, இவளைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் பகுதியைச் செய்யச் சொன்னார். நிரல் எழுத அப்போதுதான் கற்றுக்கொண்டாள். பரிசோதனை ஏன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை கொடுத்தது என்பதற்கான துப்பு அந்தக் கணக்கில்தான் கிடைத்தது! தை மாதம் விடுப்பு எடுத்தாள். மாசியில் பெண் குழந்தை. புரட்டாசியில் திரும்ப ஆய்வுக்கூடம் போய்விட்டாள்.

எல்லாம் சுகமாக முடிந்துவிட்டதா என்றால், இல்லை. விடுப்பு நாளுக்கான பணம் வர ஆறு கடிதம் எழுத வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஜுரம் வந்த அன்று பரிசோதனையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கணவர் இன்னும் கோயம்புத்தூரில்தான்; சனிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி திரும்புகிறார். ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் பாக்கி.

ஆனால் ஒரு மாற்றம். 'எப்ப வருவே?' என்று கேட்ட அவள் மாமியார், கோயம்புத்தூர் வீட்டைக் கணவரிடமும் மகனிடமும் ஒப்படைத்துவிட்டுச் சென்னைக்கே வந்துவிட்டார். போன வாரம் நான் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று கேட்டார்: "உங்க மருமகள் இன்னுமா படிக்கிறா?"

பேத்தியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்னார்: "படிக்கலேம்மா. அவ ஆராய்ச்சி பண்றா. அடுத்த வருஷம் முடிச்சிடுவா. உள்ளே வாங்க, காபி சாப்பிட்டுப் போகலாம்."

அந்தப் பதிலைச் சொல்ல ஒரு மாமியார் வீட்டுக்கு வீடு இருந்தால் போதும். நடுவழியில் காணாமல் போகிற நம் பெண்களில் பாதிப் பேராவது கரை சேர்ந்துவிடுவார்கள்.